கிறிஸ்தியானின் மனைவி: வாசகர் வினாவும் ஆசிரியர் விடையும்

யோவான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ தமிழ்த் திருச்சபைக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த அமெரிக்க மிஷனெரியாகிய லேவி ஸ்பால்டிங் அதனைத் தமிழாக்கினார். பின்னர் வந்த சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்பு, கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் திருமறைக்கும் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கும் அடுத்த இடத்தைப் பெற்றது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனையே முதனூலாகக் கொண்டு ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைப் பாடி 1894 ஆம் ஆண்டு வெளியிட்டார். இத்துணை வழங்கிய நூலைக் குறித்துப் புதிதாகச் சொல்ல யாதுளது என்றே நாமும் எண்ணியிருந்தோம். சங்கராபுரத்தில் ஒரு மாலைப்பொழுது அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

வினா எழுந்த இடம்

மேற்கே கல்வராயன் மலை தெரியும் ஒரு வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைதோறும் சிலர் கூடி இந்நூலை வாசித்துவந்தோம். கரும்பு வெட்டும் வேலைக்குச் செல்வோர், ஆசிரியர் இருவர், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர், மலையூர்களிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், பெண்கள் சங்கத்தார் சிலர் ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்பர். வாசிப்பு முடிந்தபின் எவரும் எதையும் கேட்கலாம் என்பது வழக்கம்.

முதல் நாள் வாசித்த பகுதி யாவரும் அறிந்ததே. கையில் புத்தகமும் முதுகில் பாரமுமாக நிற்கும் மனிதன், தான் வாழும் நகரம் அழியப்போகிறது என்று அறிகிறான். நற்செய்தியாளர் இடுக்கமான வாசலைச் சுட்டிக் காட்டுகிறார். அவன் ஓடத் தொடங்குகிறான். மனைவியும் மக்களும் திரும்பிவரும்படி கூவியழைக்கின்றனர். அவனோ இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவனை நாடிக் கதறியவாறே ஓடுகிறான். உபதேசியார் இப்பகுதியின் வைராக்கியத்தை வியந்து பேசினார். நாமும் தலையசைத்தோம்.

அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி எழுந்து, “ஐயா, காதைப் பொத்திக்கொண்டு ஓடினவர் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். நானும் பிள்ளைகளும் கூப்பிட்டுக்கொண்டே நின்றோம். அவர் போனது சாராயத்துக்கு. இவர் போனது மோட்சத்துக்கு. வாசலில் நின்ற எனக்கு இரண்டு முதுகும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது” என்றார்.

திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை இப்பகுதியார் ஒருவரும் மறக்கவில்லை. ஆதலின் அச்சகோதரியின் சொல் ஒரு குடும்பத்தின் சொல்லாக மட்டும் எமக்குக் கேட்கவில்லை. எனினும் நாம் போதகர்க்குரிய ஆயத்த விடையையே எடுத்தோம். “அம்மா, இது உருவகக் கதை. மனைவி மக்கள் என்பது இங்கே உலகப் பற்றைக் குறிக்கிறது” என்றோம். அவர் சற்று நேரம் எம்மை நோக்கிவிட்டு, “அப்படியானால் நான் உலகப் பற்றா, ஐயா?” என்று கேட்டு அமர்ந்துவிட்டார்.

அவ்விரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. வினா பிழையா, எம் விடை பிழையா என்று ஆராயவேண்டியதாயிற்று. அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

ஆசிரியர் செய்த திருத்தம்

முதற்கண் நூலாசிரியரையே கேட்போம். பனியன் தம் நூலை வாசகரோடு கலந்து பேசாது வெளியிட்டவர் அல்லர். நூன்முகமாக அவர் அமைத்த செய்யுளில், கையெழுத்துப் படியைப் பிறருக்குக் காட்டியதையும், அச்சிடலாம் என்று சிலரும் ஆகாது என்று சிலரும் கூறியதையும் அவரே சொல்லுகிறார். முதற்பதிப்பு 1678 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் புதிய பகுதிகள் சில சேர்க்கப்பட்டன. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு உரியன.

ஒன்று, கிறிஸ்தியான் ஓடுவதற்கு முன்னே தன் மனத்துயரை மனைவி மக்களிடம் திறந்து கூறும் பகுதி. அவர்கள் அவனுக்குச் சித்தம் கலங்கிற்று என்று எண்ணி உறங்கவைக்கப் பார்க்கின்றனர்; பின்பு கடிந்தும் இகழ்ந்தும் நடத்துகின்றனர். மற்றொன்று, அலங்கார மாளிகையில் அன்பு என்னும் பெயருடைய கன்னிகை அவனை வினவும் பகுதி. உனக்குக் குடும்பம் உண்டா, அவர்களை ஏன் உடன் அழைத்து வரவில்லை, அவர்களுக்கு எடுத்துச் சொன்னாயா, அவர்களுக்காக மன்றாடினாயா, உன் சொல்லை உன் நடக்கையே கெடுத்துவிடவில்லையா என்று அவள் அடுக்கி வினவுகிறாள். கிறிஸ்தியான் கண்ணீரோடு விடை பகருகிறான்.

முதற்பதிப்பைப் படித்த எவரேனும் பனியனிடம் நேரே முறையிட்டதால் இவை எழுந்தன என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஆயினும் சங்கராபுரத்துச் சகோதரி கேட்ட அதே வினாவை, நூலின் உள்ளிருந்தே ஒரு பெண் கேட்கும்படி ஆசிரியர் தம் கையால் எழுதிச் சேர்த்தார் என்பது மறுக்கவொண்ணாதது. அவளுக்கு அன்பு என்று பெயரிட்டதும் கருதத்தக்கது. மனைவி என்பாள் வெறும் உலகப் பற்றின் குறியீடாயின் அவளை ஏன் அழைத்து வரவில்லை என்று அன்பு வினவுவாளா? உலகப் பற்றை மோட்சத்துக்கு அழைத்துவருவார் உண்டோ? நாம் கூறிய ஆயத்த விடையை நூலாசிரியரே ஒப்பவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியரின் வாழ்வும் இதற்குச் சான்று. உரிமச் சீட்டின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை அவர் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். முதல் மனைவியின் மக்கள் நால்வர் வீட்டில் இருந்தனர். அவர்களுள் மூத்த மகள் பார்வையற்றவள். இரண்டாம் மனைவியாகிய எலிசபெத்து, 1661 ஆம் ஆண்டு நீதிபதிகள் முன் நின்று கணவனுக்காக வழக்காடினாள். பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தால் பனியன் வீடு திரும்பியிருக்கலாம், அவர் கொடுக்கவில்லை. அக்குழந்தையை எண்ணித் தாம் பட்ட வேதனையைத் தம் ஆன்மிக வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார். காதை அடைத்துக்கொண்ட மனிதனை எழுதிய கை, அழுகுரலைக் கேளாத மனிதனின் கையன்று; கேட்டுக்கொண்டே நின்றவனின் கை.

தமிழ்ச் செவி

இனி, நம் மக்கள் ஏன் அந்த இடத்தில் இடறுகின்றனர் என்பதையும் எண்ணவேண்டும். அது பக்திக் குறைவால் வருவதன்று. தமிழ் இலக்கியத்தின் செவி அவ்வாறு பழக்கப்பட்டது.

பாலைத்திணை முழுவதும் பிரிவின் இலக்கியமே. பொருள்வயின் பிரியும் தலைவன் சுரத்திற் செல்லுகிறான். ஆயினும் புலவர்கள் அவனோடு மட்டும் சென்றுவிடுவதில்லை. வீட்டில் நிற்கும் தலைவியின் குரலும் தோழியின் குரலும் அங்கே ஒலிக்கின்றன. இடைச்சுரத்தில் தன் நெஞ்சோடு வாதிட்டுத் தயங்கும் தலைவனும் உளன். சிலப்பதிகாரத்தில் கோவலன் புகாரை விட்டு நீங்கும்போது கண்ணகி உடன் நடக்கிறாள். வழித்துணையாகக் கவுந்தியடிகளும் சேருகிறார். கம்பனில் காடேகப் புறப்பட்ட இராமன் மனைவியைத் தடுக்கிறான். சீதை அதற்கு இணங்காது மரவுரி உடுத்து உடன் செல்லுகிறாள். இக்கதைகளைத் தெருக்கூத்திலும் பாட்டிமார் வாயிலும் கேட்டு வளர்ந்த நம் மக்கள், ஒருவன் புறப்பட்டான் என்றதும் விட்டுவரப்பட்டவள் என்ன சொன்னாள் என்று கேட்பது இயல்பே.

உருவகம் என்றவுடன் கதையின் புறவடிவம் பொருளற்றதாகிவிடும் என்பதும் நம் இலக்கணத்துக்கு ஏலாத கொள்கை. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தில், வெளியே தோன்றும் காட்சி அந்நிலத்துக்கு இயைந்த மெய்க்காட்சியாய் இருத்தல் வேண்டும். அதன் உண்மையின்மேல்தான் உள்ளுறைப் பொருள் நிற்கும். எருமை மிதித்த தாமரை மெய்யான தாமரையாய் இராவிடின், அதன்வழிக் குறிக்கப்படும் தலைவியின் துயரும் மெய்யாகாது. அவ்வாறே, கிறிஸ்தியானின் மனைவி மெய்யான மனைவியாய் இருந்தாலன்றி, அவளைவிட்டு அவன் ஓடியதில் விலையொன்றும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். முதற்பாகத்தின் முடிவுச் செய்யுளில் பனியனே வாசகரை எச்சரிக்கிறார்: கனவின் புறத்தோற்றத்தைப் பற்றிக்கொண்டு அளவுமீறி விளையாடவேண்டா, தவறாகப் பொருள்கொண்டு கேடு தேடவேண்டா என்கிறார். அங்ஙனமாயின் நம் சகோதரி புறத்தோற்றத்தில் சிக்கிக்கொண்டவர் ஆகாரோ? ஆகார். விளையாடுபவன் சிரித்து நகருவான். அவர் தம் வாழ்வையே கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். மேலும் அதே செய்யுளின் முடிவில், வாசகர் அனைத்தையும் வீணென்று எறிந்துவிட்டால் தாம் மீண்டும் கனவு காண நேரலாம் என்ற கருத்தையும் பனியன் கூறிவைத்துள்ளார். வாசகனின் மனக்குறை ஆசிரியனை மறுபடியும் உறங்கவும் கனவு காணவும் செய்யும் என்பது எத்துணை ஆழ்ந்த திறனாய்வுக் கொள்கை! ஆறு ஆண்டுகள் கழிந்தபின் அவர் அவ்வாறே செய்தார்.

கிருஷ்ணபிள்ளையின் வழி

இரண்டாம் கனவுக்குச் செல்லுமுன் நம் காப்பியக் கவிஞரைக் காண்போம். கிருஷ்ணபிள்ளை 1827 ஆம் ஆண்டு திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். 1858 ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். கம்பனில் தோய்ந்த அவர் உள்ளம், பனியனின் உரைநடைக் கதையைப் பருவங்களும் படலங்களுமாக விரித்தது. முதனூலில் இல்லாத இடத்தில் இயேசு பெருமானின் பாடுகளை விரித்துப் பாடும் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, யாத்திரிகனின் கதைக்குள் மீட்பரின் கதையை நடுநாயகமாக வைத்தார். இடையிடையே தேவாரப் பதிகங்களையும் சேர்த்தார். தனியே நடக்கும் ஒருவனின் கதையில் சபையார் கூடிப் பாடத்தக்க பாடல்களைப் பெய்தது, தனிமையைத் தணிக்கும் ஒரு வழி என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் அவர் எடுத்துக்கொண்டது பனியனின் முதற்பாகத்தையே. மனைவியின் யாத்திரை காப்பியத்துள் இடம் பெறவில்லை. இதனைக் குறையாகக் கூறிக் கவிஞரைப் பழித்தல் எம் நோக்கமன்று. தன்னேரில்லாத் தலைவன் ஒருவனை உடைத்தாதல் காப்பிய இலக்கணம். ஆனால் அதன் விளைவு நம் சபைகளில் இன்றும் காணப்படுகிறது. நாம் அறிந்த அருளுரைகளிலும் நாடகங்களிலும் முதற்பாகமே வழங்குகிறது. பாரம் விழுந்த சிலுவையடி, அப்போல்லியோனோடு செய்த போர், மாயாபுரிச் சந்தை ஆகியவை சிறுவர்க்கும் தெரியும். கிறிஸ்தீனாளின் பெயரைக் கேட்டால் பெரியோரும் விழிக்கின்றனர். பாதிக் கதையைக் கேட்ட சபை, பாதி விடையோடு நிற்கிறது.

இரண்டாம் கனவு

இரண்டாம் பாகம் 1684 ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. இதற்கிடையில் 1682 இல், வேறொருவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு இந்நூலின் தொடர்ச்சி என ஒன்றை வெளியிட்டிருந்தார். ஆகவே பனியன் தம் இரண்டாம் பாகத்தின் முகப்புச் செய்யுளில் நூலையே ஒரு தூதாக வாசகர் வீடுதோறும் அனுப்பி, அவர்கள் சொல்லக்கூடிய தடைகள் நான்கினை எடுத்துரைத்து, ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறார். வாசகரும் ஆசிரியரும் கதைமாந்தரைக் குறித்து உரையாடும் காட்சிக்கு இதனினும் பழைய, தெளிவான சான்று கிறிஸ்தவக் கற்பனை இலக்கியத்தில் அரிது.

ஆனால் அவருடைய மெய்யான விடை செய்யுளில் இல்லை, கதையில் இருக்கிறது. கணவன் ஆற்றைக் கடந்து சென்றபின், கிறிஸ்தீனாளுக்கு அரசரிடமிருந்து நறுமணம் கமழும் கடிதம் வருகிறது. அவள் தன் மைந்தர் நால்வரையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறாள். அண்டைவீட்டு இளம்பெண்ணாகிய இரக்கம் என்பவளும் உடன் வருகிறாள். தனக்கு அழைப்புக் கடிதம் வரவில்லையே என்று அஞ்சி, வாசலுக்கு வெளியே அவள் மயங்கி விழும் இடம் கல்நெஞ்சையும் கரைக்கும். வியாக்கியானி அவர்களுக்குப் பெருநெஞ்சன் என்னும் வழித்துணைவனைக் கொடுக்கிறார்.

இரு பாகங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு வேறுபாடு புலனாகும். முதற்பாகத்தில் தாழ்மைப் பள்ளத்தாக்கு போர்க்களம். இரண்டாம் பாகத்தில் அதே பள்ளத்தாக்கு பசுமை நிறைந்தது, ஆட்டிடையச் சிறுவன் பாடும் இடம். முதற்பாகத்தில் சந்தேகக் கோட்டையிலிருந்து கிறிஸ்தியானும் நம்பிக்கையும் தப்பியோடுகின்றனர். இரண்டாம் பாகத்தில் அக்கோட்டை இடிக்கப்பட்டு, அதிலிருந்த மனமுறிவு என்னும் கிழவனும் அவன் மகளும் விடுவிக்கப்படுகின்றனர். தனியே ஓடுகிறவன் தப்பமுடியும். கூடிச் செல்லுகிறவர்களே கோட்டையை இடிக்கமுடியும். ஊன்றுகோலோடு நொண்டி வருகிறவனும், சோர்ந்த மனத்தினனும் இந்தக் கூட்டத்தில் இடம் பெறுகின்றனர். அவர்கள் நடைக்கு ஏற்ப மற்றவர் நடை தளருகிறது. பயணம் அத்துணை நீளுவதால் பிள்ளைகள் வழியிலேயே வளர்ந்து மணமும் செய்கின்றனர். கிறிஸ்தீனாள் ஆற்றைக் கடந்தபின்னும் அவள் மைந்தர் இக்கரையிலேயே சபையின் பெருக்கத்துக்காகத் தங்குகின்றனர்.

ஆகவே முதற்பாகம் விசுவாசத்தின் கதையாயின், இரண்டாம் பாகம் திருச்சபையின் கதை எனலாம். வாசகன் வினவியிராவிடினும், வினாவைத் தானே தன்னுள் கேட்டிராவிடினும், பனியன் திருச்சபையை எழுதியிருப்பாரோ என்பது ஐயமே.

இவ்விடை முழுமையானது என்றும் நாம் கூறோம். புறப்படுமுன் கிறிஸ்தீனாள் தான் கணவனைக் கடிந்து நடத்தியதை எண்ணி அழுது மன்னிப்பு வேண்டுகிறாள். கணவன் காதை அடைத்ததற்கு ஒருவரும் வருந்தவில்லை. குற்றம் முழுவதும் நின்றவள்மேல் ஏற்றப்பட்டு, ஓடியவன் தூயவனாகவே விடப்படுகிறான். காயு என்னும் விருந்தோம்புவோன் வாயிலாகப் பெண்களின் உயர்வை ஆசிரியர் சிறப்பித்துப் பேசியபோதிலும், ஆண் வழிகாட்டியின்றி அவர்களை அவர் வழிநடத்தவில்லை. 17 ஆம் நூற்றாண்டின் எல்லை அவரையும் கட்டியிருந்தது. எனினும் வினாவுக்குச் செவிகொடுத்தார் என்ற பெருமை அவருடையதே.

விடை பெறாத வினாக்கள்

வாசகர் கேட்கும் அனைத்துக்கும் ஆசிரியர் இணங்கவேண்டுமா? முதற்பாகத்தின் கடைசிக் காட்சியில் அறியாமை என்னும் இளைஞன் மோட்சபுரியின் வாயில்வரை வந்துவிடுகிறான். அவனிடம் சான்றிதழ் இல்லை. அவனைக் கட்டி, மலைப்புறத்திலுள்ள கதவு வழியே நரகத்துக்கு அனுப்புகின்றனர். எம் விடுதி மாணவன் ஒருவன் இதைக் கேட்டு, இவ்வளவு தூரம் நடந்துவந்தவனைத் திருப்பி அனுப்பலாமா என்று கலங்கினான். பனியன் இக்காட்சியை மாற்றவில்லை. இரண்டாம் பாகத்தில் பலவீனர் அனைவரையும் கரை சேர்த்தவர், அறியாமையை மீட்கவில்லை. அச்சத்தையும் நொண்டுதலையும் தாங்கிய அவர் கதை, கிருபை வேண்டா என்னும் தன்னிறைவைத் தாங்கவில்லை. இது கொடுமையன்று, எச்சரிக்கையென்று நாம் மாணவனுக்குக் கூறினோம். அவன் ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டோம்.

நம் காலத்துக்கு அணித்தான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை நார்னியாக் கதைகள் ஏழினை வெளியிட்டார். கடைசி நூலில் உடன்பிறந்தார் நால்வருள் சூசன் மட்டும் மெய்யான நார்னியாவுக்குள் வரவில்லை. பிள்ளைகள் கலங்கி ஆசிரியருக்கே எழுதினர். 1957 இல் ஒரு சிறுவனுக்கு விடையெழுதிய லூயிஸ், அவள் இன்னும் இவ்வுலகில் உயிரோடிருக்கிறாள், திருந்துவதற்குக் காலம் உண்டு என்னும் கருத்தைத் தெரிவித்தார். 1960 இல் வேறொருவர் சூசனின் கதையை எழுதும்படி வேண்டியபோது, அதை நீரே எழுதிப் பாரும் என்ற பொருள்பட மறுமொழி தந்தார். சிங்கமாகிய அஸ்லானை இயேசுவினும் மிகுதியாக நேசித்துவிட்டோமோ என்று அஞ்சிய ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு 1955 இல் அவர் எழுதிய பரிவான விடையும் நமக்குக் கிடைத்துள்ளது. குழந்தைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1985 ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்று நூலாயின.

இவ்விரு ஆசிரியரிடமும் நாம் காணும் ஒழுங்கு ஒன்றே. அவர்கள் வாசகனைப் பார்த்து, இது கற்பனை, கவலைப்படாதே என்று சொல்லவில்லை. கதைமாந்தருக்காகக் கலங்குகிறவன் தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் கலங்குகிறான் என்று உணர்ந்தனர். முடிந்த இடத்தில் கதையைத் தொடர்ந்தனர். முடியாத இடத்தில் கதவைத் திறந்துவைத்தனர். எச்சரிக்கவேண்டிய இடத்தில் எச்சரிக்கையை மழுக்காது விட்டனர்.

திருமறையின் இரு பாகங்கள்

குடும்பத்தை வெறுத்தாலன்றிச் சீடனாகமுடியாது என்னும் ஆண்டவரின் கடுமொழி லூக்கா 14:26 இல் உள்ளது. அதனை நாம் மென்மையாக்கத் துணியோம். இப்பகுதியிலும் திருமுழுக்குப் பெற்றதற்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டோர் உளர்; அவர்கள் அவ்வசனத்தின் விலையை அறிவர். ஆயினும் வீட்டாரைப் பேணாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்னும் கண்டனமும் 1 தீமோத்தேயு 5:8 இல் உள்ளது. சிலுவையில் தொங்கிய நேரத்திலும் ஆண்டவர் தம் அன்னையின் குரலுக்குக் காதை அடைக்கவில்லை. சீடனிடம் ஒப்புவித்தார் என யோவான் 19 ஆம் அதிகாரம் சான்று பகருகிறது.

பேதுருவின் வரலாறு இன்னும் தெளிவானது. எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோம் என்ற பொருளில் அவர் பேசுவதை மாற்கு 10:28 இல் காண்கிறோம். அது அவருடைய முதற்பாகம். பல ஆண்டுகளுக்குப்பின் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், கேபா தம் மனைவியோடு ஊழியப் பயணம் செய்வதைக் குறிப்பிடுகிறார் (1 கொரி. 9:5). அது இரண்டாம் பாகம். வலையையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்டவரின் அருகே, ஒருநாள் அவர் மனைவியும் நடக்கக் காண்கிறோம். எப்போது, எவ்வாறு அவள் வந்து சேர்ந்தாள் என்பதைத் திருமறை சொல்லவில்லை. ஆனால் அவள் வந்தாள். முதற்பாகத்தை மட்டும் பிரசங்கிக்கும் போதகர் பேதுருவின் வரலாற்றையும் பாதியில் நிறுத்துகிறார்.

போதகர் கடன்

இறையியல் மாணவராகிய நீங்கள் நாளை சிற்றூர்ச் சபைகளுக்குச் செல்வீர்கள். அங்கே கதையைக் கேட்டு ஒருவர் வினாவெழுப்பினால், உருவகம் என்னும் சொல்லைக் கேடயமாகப் பிடியாதீர்கள். அச்சொல் எமக்கு ஒருமுறை உதவிற்று; ஒரு சகோதரியின் வாயை அடைக்க உதவிற்று. காதை அடைத்துக்கொண்டவன் கிறிஸ்தியான் மட்டும் அல்லன் என்று அன்றிரவு கண்டுகொண்டோம்.

அடுத்த ஞாயிறு நாம் அச்சகோதரியிடம் மன்னிப்பு வேண்டினோம். முதற்பாகத்தை நிறுத்தி, அலங்கார மாளிகையில் அன்பு வினவும் பகுதியை வாசித்தோம். பின்னர் வந்த வாரங்களில் கிறிஸ்தீனாளின் கதையை எடுத்தோம். கேரளத்துக்கும் பெங்களூருக்கும் கூலிவேலைக்குப் போன கணவரின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் பெண்கள், அரசரின் கடிதம் வந்த இடத்தை இருமுறை வாசிக்கச் சொன்னார்கள். அப்பகுதியை உரக்க வாசித்தவர் அச்சகோதரியே.

வாசித்து முடித்தபின் அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: “கடிதம் வந்தது நல்லதுதான், ஐயா. ஆனால் அவர் செத்தபிறகுதான் வந்தது. உயிரோடு இருக்கும்போதே ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.”

அதற்கு எம்மிடம் விடை இல்லை, பனியனிடமும் இல்லை. ஆனால் இம்முறை நாம் உருவகம் என்று சொல்லவில்லை. அவர் சொன்னதை நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தோம். மூன்றாவது கனவு ஒன்று காணப்படுமாயின், அதைக் காண்பவர்கள் சங்கராபுரம் போன்ற ஊர்களின் திண்ணைகளிலிருந்தே எழும்பவேண்டும் என்பது எம் வேண்டுதல்.